தண்ணீர்த் தொட்டியில் வரைந்த இதயம்

ஓவியம் கற்றுக்கொள்வது என்று முடிவானதும் நான் முதல் வேலையாகத் தொப்பி வாங்கினேன். பென்சில் வாங்க வேண்டும் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தோன்றியது. கறுப்புக் கம்பளித் துணியில் தைத்து, ஒரு காதுப் பக்கமாகச் சரிந்து உட்காரும் தொப்பி அது. கமர்ஷியல் தெருக் கடைக்காரர் அதைக் குழந்தைகளின் மாறுவேடப் போட்டிச் சாமான்களோடு வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்தின் மொட்டைமாடி அறையில் பட்டினியோடு மேதைமையையும் சேர்த்து வளர்க்கும் ஆளைப் போல எனக்கே தெரிந்தேன். அந்தப் பக்கமாக வந்த என் மனைவி பார்த்துவிட்டு, வெளியே அவ்வளவு குளிரா என்று கேட்டாள்.

இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. ஓவியம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவளுக்குத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். நான் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளிக்கொண்டும், மீதி நேரத்தில் ஆண்டு மலர்களுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டும் இருந்தேன். ஓவியத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த தடித்தடிப் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. எந்த நூற்றாண்டில் யார் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு எந்தப் பாணியை ஆரம்பித்தார் என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சொல்லியிருக்கிறேன்.

மனைவி விலங்கியல் படித்தவள். பி.எட். முடித்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கூடத்தில் டியூஷன் எடுத்தே காலம் போயிருந்தது. நாற்பதை நெருங்கும்போது, நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பு. முதல் வருஷம் தற்காலிகம். வருஷக் கடைசியில் நிர்வாகத்திலிருந்து ஆட்கள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கூடம், பாய், டியூஷன். அந்த வயதுக்கு மேல் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடாது என்பது அவளுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம், எனக்கென்று ஒரு கரும்பலகை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். சொந்த வீடு வாங்கியவர்கள்கூட அந்தக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை.

சிக்கலும் அந்தக் கரும்பலகையில்தான் இருந்தது. அவளுக்கு வரைய வராது. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டுப் படங்களையெல்லாம் பக்கத்து மேசைத் தோழி வரைந்து கொடுத்திருக்கிறாள். பதிலுக்கு இவள் அந்தத் தோழியின் தவளைகளை அறுத்துக் கொடுத்திருக்கிறாள். இருவரும் தேறிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தவளை அறுக்க ஆள் தேவைப்படவில்லை. போதாததற்கு, அங்கே புதிதாக வந்திருந்த எச்.எம். அம்மையார் சுவரில் மாட்டும் படங்களுக்குத் தடை போட்டிருந்தார். ஆணியில் தொங்குகிற படத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தூக்கம்தான் வருகிறது, டீச்சர் கை போகப் போகத்தான் அவர்கள் கையும் போகும் என்பது அவர் கட்சி.

என் மனைவி பலகையில் வரைந்த முதல் இதயத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், இது ஜுவாலஜியா, பாட்டனியா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் எங்கள் எதிர் வீடு. ஆகவே, பள்ளிக்கூடம் விட்டு மனைவி வீடு வந்து சேர்வதற்குள் அவள் கத்தரிக்காய் வரைந்த செய்தி தெருவுக்கே தெரிந்திருந்தது. மாவு மில்லில் என்னிடமே ஒருவர் விசாரித்தார்.

வேறு வீடாக இருந்தால் அன்றைக்கு அழுகையோ, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் புகாரோ இருந்திருக்கும். இவள் காபி குடித்துவிட்டு, "அவ சொன்னது சரிதாங்க. நானே தள்ளி நின்னு பாத்தேன். கத்தரிக்காதான்" என்றாள். பிறகு, வரையச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். ஓவியத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. நான் மறுநாளே போய்த் தொப்பி வாங்கியதைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும்.

மல்லேஸ்வரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். மெஜஸ்டிக்கில் பஸ் மாறிப் போனோம். கற்றுக் கொடுத்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு விளம்பர கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். லீவு நாளில் பெற்றோர் வீட்டு மாடி ஹாலில் பெரியவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்தாள். குழந்தைகளை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டேன். "அவங்களோட அப்பா அம்மா கூடவே வந்து, அந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்லுவாங்க அங்கிள். பெரியவங்க தன் அர்த்தத்தைத் தானே சொல்லிப்பாங்க, ஸ்வல்ப டைம் மிச்சம்" என்றாள். அங்கிள் என்று என்னை அழைத்த முதல் கலைஞர் அவள்தான். என் தொப்பியைப் பார்த்தாள். அதை வைக்க ஓர் ஆணி காட்டினாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பயிற்சி முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் சிவப்புப் பென்சிலால், கோடு எங்கே தடம் மாறியதோ அங்கே ஒரு புள்ளி வைப்பார். அதற்குப் பொட்டு என்று பேர். எல்லார் தாளையும் கடைசியில் ஆசிரியை வாங்கிப் பார்த்து, அவள் பங்குக்கும் பொட்டு வைப்பாள். முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டாள்.

"எங்க சரி பண்ண முடியும்னு தெரியுதோ அங்க மட்டும் பொட்டு வைங்க. நல்லா இருக்குன்னு யாரும் சொல்லக் கூடாது. சொன்னா அடுத்த வாரம் பிஸ்கட் அவங்க செலவு. பொட்டு வாங்கினவங்க 'சரி'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். கதை சொல்லக் கூடாது."

இந்தக் கடைசி விதி என்னைக் கருதியே எழுதப்பட்டது போல இருந்தது.

முதல் சில வாரங்கள் கோடுதான். தாளில் இரண்டு புள்ளி வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு இழுக்க வேண்டும். பென்சில் முனையைப் பார்க்கக் கூடாது. போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீச வேண்டும். இழுப்பதற்கு முன்னால் தாளைத் தொடாமல் காற்றிலேயே ஓரிரு முறை போய் வந்து கைக்கு வழி காட்ட வேண்டும். இவ்வளவுதான். எழுதும்போது எனக்கே எளிதாகத் தெரிகிறது. என் கோடுகள் அந்தக் காலத்து சிட்டி பஸ் போல, பலகையில் ஓர் ஊர் எழுதிக்கொண்டு புறப்பட்டு, வழியில் வேறு யோசனை வந்து, எங்கோ போய் நின்றன. தாள் திரும்பி வரும்போது அம்மை போட்ட குழந்தை மாதிரி இருக்கும். நான் விளக்கம் சொல்லப் போவேன். உணர்ச்சியுள்ள கோடு கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், உலகப் பெரிய ஓவியர்களின் கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் என்று ஆரம்பிப்பதற்குள், "அங்கிள், கதை" என்பாள். வகுப்பில் சிரிப்பு வரும். நான் சரி என்று சொல்வேன். நான் சொன்ன சரியில் 'இருந்தாலும்' என்ற தொனி இருக்கும்.

என் மனைவியின் கோடுகளும் ஆரம்பத்தில் என்னுடையதற்குக் குறைவில்லாத மோசம். வித்தியாசம் என்னவென்றால், பொட்டு வந்ததும் அவள் அதையே உற்றுப் பார்ப்பாள். எதனால் அங்கே விலகியது என்று கையைக் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாள். "சரி" என்பாள். அதற்குக் கீழேயே அடுத்த கோட்டை இழுப்பாள். அந்தச் சரியில் வருத்தமோ வீம்போ எதுவும் இருக்காது. கடைக்காரர் சில்லறை கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி வாங்கிக்கொள்வாள். வீட்டில் இத்தனை வருஷத்தில் நான் அந்தச் சரியைக் கேட்டதே இல்லை. நான் எதையும் சரியான இடத்தில் பொட்டு வைத்துச் சொல்லவில்லை என்று இப்போது படுகிறது.

அவள் சும்மா இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. அவள் தாளுக்குப் பொட்டு வந்தால், அவள் சார்பில் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மாதத்துக்குள் ஆசிரியை என்னை எழுப்பி, ஜன்னலோரம் தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். பள்ளிக்கூட நாட்களில்கூட எனக்கு அந்தக் கௌரவம் கிடைத்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போது மனைவி, "இன்னிக்குதாங்க நல்லா காது கேட்டுது" என்றாள்.

கோட்டுக்குப் பிறகு வட்டம், வட்டத்துக்குப் பிறகு நீள்வட்டம். வீட்டுப் பாடத்துக்கு நல்ல தாள் வேண்டாம், பழைய நியூஸ் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் போடுங்கள் என்று சொல்லியிருந்தாள். பங்குச் சந்தைப் பக்கத்தில் எழுத்து சின்னது, வரி நேராக இருக்கும், அதனால் கோட்டுக்கு அது. மணமகள் தேவைப் பக்கத்தில் கட்டம் கட்டமாக இருக்கும், அதனால் வட்டத்துக்கு அது. சோறு வடிக்கிற நேரத்தில் அவள் ஒரு கட்டத்துக்கு ஒரு வட்டம் என்று பக்கத்தை முடித்துவிடுவாள். எங்களிடம் பழைய பேப்பர் எடுக்க வருகிறவர், ஊரில் உள்ள எல்லா மாப்பிள்ளையையும் சுழித்து வைத்திருக்கிறீர்களே, வீட்டில் எத்தனை பெண்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் தாளில் வந்தது பலகையில் வரவில்லை. பலகை பெரிது, செங்குத்தாக நிற்பது, கை மேலே தூக்கிப் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் வேறு பாடம் நடக்கும், பலகை கிடைக்காது. வீட்டுச் சுவரில் சாக்பீஸ் பட்டால் வீட்டுக்காரர் விடமாட்டார். இந்த இடத்தில்தான் என் அறிவு உதவிக்கு வந்தது. மொட்டைமாடியில் வீட்டுக்காரர் புதிதாக வாங்கி வைத்த தண்ணீர்த் தொட்டி இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக், ஆள் உயரம். சாக்பீஸ் பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் போய்விடும். நானே கண்டுபிடித்துச் சொன்னேன். குகைச் சுவரில் வரைந்தவர்கள் சமதளத்துக்காகக் காத்திருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தினமும் சாயங்காலம் அவள் மாடிக்குப் போய்த் தொட்டியில் இதயம் வரைந்தாள். துணி உலர்த்த வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். நான் காபி டம்ளரோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேற்பார்வை பார்ப்பேன். சில வாரங்களில் இதயம் இதயமாக ஆனது. மேலே தடித்த குழாய்கள், கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும் முனை, இரண்டு பக்கமும் அளவான வளைவு. புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். மல்லேஸ்வரமாக இருந்தால் பிஸ்கட் என் செலவு. இது ஆஸ்டின் டவுன் என்பதால் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நம்பிக்கையில் அவள் மறுநாள் பலகையில் வரைந்தாள். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், ஹார்ட்டு வீங்கிகினு கீது. ஆஸ்பத்திரில சேக்கணும்" என்றாள். உண்மையிலேயே குண்டாக இருந்தது. அடுத்த நாளும் குண்டு. அதற்கடுத்த நாள் ஒல்லியாக வரைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வரைந்தும் குண்டு. தொட்டியில் அழகாக வருவது பலகைக்குப் போனதும் ஊதிவிடுகிறது. பதற்றம்தான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னேன்.

அவள் என்னைக் கேட்கவில்லை. வகுப்பிலேயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சிவப்புச் சாக்பீஸைக் கையில் கொடுத்து, எங்கே வீங்கியிருக்கிறதோ அங்கே ஒரு பொட்டு வை என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. கேலி செய்ததற்கு ஏதோ புது மாதிரி தண்டனை என்று நினைத்தாளாம். பிறகு இரண்டு பக்கமும் பொட்டு வைத்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு என் மனைவி அழித்து வரைந்தாள். மறுபடியும் பொட்டு. ஒரு வாரம் இப்படியே போனது.

ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவ வைக்கிற பொட்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருதுங்க. கை தப்பு பண்ணினா ஒரு பக்கந்தான் போகும். இது கை இல்ல. வேற எதுவோ."

ஈரக் கையோடு மாடிக்குப் போனாள். நானும் போனேன். தொட்டியின் வயிற்றில் ஒரு நியூஸ் பேப்பரைச் சுற்றி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் வழக்கம்போல் இதயத்தை வரைந்தாள். நேரே நின்று பார்த்தால் அளவெடுத்த மாதிரி இருந்தது. பிறகு பேப்பரை உருவித் தரையில் விரித்தாள். வரைபடம் இரண்டு பக்கமும் பரந்து, பலகையில் வந்த அதே குண்டு இதயமாக எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தொட்டி உருண்டை. ஓரங்கள் வளைந்து பின்னால் போவதால் அகலம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்காகக் கை அகலமாகவே போகப் பழகிவிட்டது. இத்தனை வாரமும் நான் காபியோடு நின்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது அந்தக் கொழுப்பைத்தான்.

நான் குகை ஓவியர்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவளும் என்னைக் குத்திக் காட்டவில்லை. தொட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். "நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் குடுக்கணும்" என்றாள். வீட்டுக்காரரிடம் கேட்டு, மாடிப்படி அறையின் மரக்கதவுக்கு எங்கள் செலவில் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். பெயின்ட் அடித்தது நான். அந்தக் கதவில் என்னால் ஆன ஒரே நல்ல காரியம் அதுதான். ஓரங்களில் சிந்தியதற்கு அவளே பொட்டு வைத்தாள்.

வகுப்பில் பொட்டு வைப்பது அதோடு நிற்கவில்லை. சிறுநீரகம், மூளை, இலையின் குறுக்குவெட்டு என்று எது வரைந்தாலும் யாராவது எழுந்து வந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தார்கள். புத்தகத்தைப் பார்க்காமல் பொட்டு வைக்க முடியாது என்பதால் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஸ்டாஃப் ரூமில் வேறு மாதிரி பேசினார்கள். பிள்ளைகளிடம் திருத்தம் கேட்கிற டீச்சர் என்று பேர் கிடைத்தது. எச்.எம். கூப்பிட்டு, கெட்ட எண்ணத்தில் இல்லாமல்தான், நிர்வாகத்திலிருந்து வருகிற அன்றைக்கு மட்டும் இந்தப் பொட்டு விளையாட்டு வேண்டாம் என்று சொன்னார். வருகிறவர்களுக்கு டீச்சருக்கே பாடம் தெரியவில்லை என்று தோன்றிவிட்டால், அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நான் எச்.எம். கட்சி. எதிர் வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஒரே ஒரு நாள் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்காரட்டும் என்றேன்.

"ஒரு நாளைக்கு வேண்டாம்னு சொன்னா, மத்த நாளெல்லாம் நாடகம்னு ஆயிடுங்க."

"வேலை போச்சுன்னா?"

கதவில் வரைந்திருந்த இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இருந்தது. சாக்பீஸை விரலில் உருட்டி உருட்டிப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள். "போகக் கூடாதுன்னுதான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

நான் அவளுக்குத் தெரியாமல் தெருவைத் தாண்டிப் போய், வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"இத மிஸ் சொல்லச் சொன்னாங்களா அங்கிள்?"

இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப இன்னாத்துக்கு நீங்க வந்து சொல்லினுகீறீங்க? தப்பா இருந்தா நான் எழுந்துதான் போவேன்."

பார்வையிடும் நாள் வந்தது. நான் அங்கே இல்லை. நடந்ததை மனைவி சுருக்கமாகவும், எதிர் வீட்டுப் பெண் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து நடித்துக் காட்டியும் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

வந்தது எச்.எம்.மோடு இரண்டு பேர். ஒருவர் டிரஸ்டி, சஃபாரி சூட். இன்னொருவர் ஓய்வுபெற்ற டாக்டர், நிர்வாகக் குழுவில் இருந்தவர். உட்கார இடம் கடைசி பெஞ்சு வரிசையில்தான் இருந்தது. டாக்டர் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மனைவி பாடத்தை ஆரம்பித்து, பலகைக்குத் திரும்பி, ஒரு நிமிஷம் கையைக் காற்றில் ஓட்டிவிட்டு வரைந்தாள். வலது பக்கம் அளவாக வந்தது. இடது பக்கம் வரும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கை பழைய தொட்டிக்குப் போய்விட்டது. இடது பக்கம் லேசாக ஊதியது.

அந்தப் பெண் எழுந்தாள். பெஞ்சு வரிசைக்கு நடுவே நடந்து வந்து, சிவப்புச் சாக்பீஸை எடுத்து, ஊதிய இடத்தில் பொட்டு வைத்துவிட்டு நின்றாள். எச்.எம். கண்களை மூடிக்கொண்டாராம். டிரஸ்டி எச்.எம்.மைப் பார்த்தார். என் மனைவி பலகையைப் பார்த்தாள். "சரி" என்றாள். டஸ்டரால் அந்தப் பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு, உள்வாங்கி வரைந்தாள். பெண் போய் உட்கார்ந்தாள். பாடம் தொடர்ந்தது.

மேலே குழாய்களை வரைந்து முடித்திருப்பாள். கடைசி பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. டாக்டர் எழுந்து நின்று பக்கத்திலிருந்த பெண்ணிடம், "ஆ சாக்பீஸ் கொடம்மா" என்று கன்னடத்தில் கேட்டார். அவள் சிவப்பைக் கையிலேயே வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டு அவர் மெதுவாக நடந்து முன்னால் வந்தார். இரண்டு பெரிய குழாய்கள் குறுக்கே கடக்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

என் மனைவிக்கு அது என்னவென்று புரியச் சிறிது நேரம் ஆனது. அந்தச் சிறிது நேரத்தில் தன் டியூஷன் பாய், கூடம், ஜன்னல் எல்லாம் கண் முன்னால் வந்துபோனதாகப் பிறகு சொன்னாள். பிறகு தெரிந்தது. நுரையீரலுக்குப் போகிற குழாய் முன்னால் கடக்க வேண்டும், உடம்புக்குப் போகிற பெருங்குழாய் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். இவள் மாற்றிப் போட்டிருந்தாள். இத்தனை மாதமாக அகலத்திலேயே கண்ணாக இருந்ததில் யாருமே அதைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். அழித்து, முன்னதை முன்னால் கொண்டுவந்தாள். டாக்டர் திரும்பிப் போகவில்லை. மணி அடிக்கும் வரை பலகையருகிலேயே நின்று, இந்த வால்வு எங்கே, அது எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டுக்கொண்டும் பொட்டு வைத்துக்கொண்டும் இருந்தார். பிள்ளைகள் புத்தகத்தில் குழாயைத் தேடிப் பொட்டு வைக்க அவரோடு போட்டி போட்டார்கள்.

அன்றைக்கு நான் அரை நாள் லீவு போட்டு, மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தேன். அவள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னதும், பொட்டலத்தை ரேடியோவுக்குப் பின்னால் தள்ளி மறைத்தேன். ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்தேன்.

"யாராவது நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லல. டாக்டர் மணி அடிக்கிற வரைக்கும் தப்பையே சொல்லிட்டு இருந்தார்" என்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "கெடைச்சிடும்னு நெனைக்கிறேங்க."

எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. ஆனால் கிடைத்தது. அடுத்த வாரம் எச்.எம். கூப்பிட்டு, நிரந்தரம் என்று சொன்னார். டிரஸ்டிக்கு மனமில்லை என்றும் சொன்னார். டாக்டர் உள்ளே என்ன பேசினார் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கண் பாடம் எப்போது என்று முன்கூட்டியே தகவல் கொடுக்கச் சொன்னாராம், அதை மட்டும் சொன்னார். மைசூர்பாகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கல்லாகியிருந்தது. எதிர் வீட்டுப் பெண் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, எந்தக் கடை என்று விசாரித்தாள். இனி அங்கே வாங்கக் கூடாது என்பதற்காக.

நாங்கள் மல்லேஸ்வரம் போவதை நிறுத்தவில்லை. மனைவிக்குக் கண் வரைய வேண்டியிருந்தது. எனக்கு ஜன்னலோர ஸ்டூல் பழகிவிட்டது. நான் மெனக்கெட்டு ஒரு படம் வரைந்தேன். மொட்டைமாடி, கறுப்புத் தொட்டி, அதன் முன்னால் கையைத் தூக்கி நின்று வரைகிற அவள் முதுகு, கொடியில் துணிகள். பல நாள் உழைப்பு. அதைக் கொண்டுபோகும்போது மறக்காமல் தொப்பியும் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு மனைவிக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருந்ததால் தனியாகப் போனேன்.

ஆசிரியை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. தாளின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய் வந்தது. எங்கும் இறங்கவில்லை. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கு அங்கிள்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அடுத்த வார பிஸ்கட் தன் செலவு என்றும் அவளே சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல், அவள் என்ன சொன்னாள் தெரியுமா என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மனைவி விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கி முழுவதும் கேட்டாள்.

"பொட்டு எங்க வெச்சாங்க?"

"எங்கேயும் வெக்கல. ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

அவள் அடுத்த தாளை எடுத்துப் பிரித்தாள்.

"அப்ப உங்கள கைவிட்டுட்டாங்க போலருக்கு" என்றாள்.